இஞ்சி மணந்த மத்தியானம்

பிள்ளைகளே, போன சனிக்கிழமை நான் இருமிக்கொண்டு கிடந்தபோது மூத்தவள் இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கேட்காமலே கொண்டுவந்தாள், நல்ல பிள்ளை. ஆனால் அதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் உங்கள் அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கை நான் கட்டைச் சம்பலோடு ஒரு வெட்டு வெட்டியிருந்தேன். பேணியை வாயருகே கொண்டுபோனேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கை தன்பாட்டில் உதறியது. தேத்தண்ணீர் முழுவதும் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில்.

நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அப்பா, மரவள்ளியும் இஞ்சியும் சேந்தா ஒண்டும் செய்யாதாம். இந்தா, போன்ல போட்டிருக்கு, வாசியுங்கோ" என்று மூத்தவள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். சின்னவள் ஒரு படி மேலே போனாள். "அப்பாக்குக் கடலுக்குப் பயமில்லை, இஞ்சிக்குப் பயம்."

எனக்கும் தெரியும் பிள்ளைகளே. ஒன்றும் செய்யாது என்று வைத்தியர் ஒருவரே என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது என் கைக்குத் தெரியவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் நான் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய் நிற்பேன். எழுதினால் கொஞ்சம் நேராய் வரும் என்று கொப்பியை எடுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். ஆனால் சிரிக்காமல் திருத்தட்டும்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன மாதங்கள் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஐந்து. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிவிட்டன. நான் வள்ளத்து மிசின் திருத்துகிறவன். ஓடாத மிசின் பழுதாகாது, மிசின் பழுதாகாவிட்டால் எனக்குச் சோறில்லை. அவ்வளவுதான் கணக்கு. என் கையில் எப்போதும் மண்ணெண்ணெய் மணக்கும் என்று உங்கள் அம்மா கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஏசுவாள். அந்த மாதங்களில் ஒரு நாள் கை கழுவிவிட்டு மணந்து பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை. வெறும் தோல். அன்றைக்குத்தான் எனக்கு முதல் பயம் வந்தது. உங்கள் அம்மாவும் கவனித்திருப்பாள். அதற்குப் பிறகு கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாள்களில் எங்களைத் தாங்கியது கோயிலுக்குப் பின்னால் இருந்த தோட்டம். அது அதற்கு முந்திய வருடம், நோய்க்காலத்தில் ஊரைப் பூட்டி வைத்திருந்தபோது தொடங்கியது. பங்குச் சுவாமி, எங்கள் பாதிரியார், நிலத்தைத் தந்தார். பெரியமடுவில் இருந்து ஒருவர் மரவள்ளித் தடிகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, பதிலுக்குக் கருவாடு கொண்டுபோனார். நாங்கள் கடற்கரைச் சனம். தடியை எந்தப் பக்கம் மேலே வைத்து நடுவது என்றே எங்களுக்குத் தெரியாது. நான் நட்ட முதல் வரிசை முழுவதும் தலைகீழ். அதைப் பார்த்த அந்த மனுசன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

வேலிக்கு முள்ளுக்கம்பி வாங்க வழியில்லை. கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து பூவரசந் தடிகளில் கட்டினோம். எங்கள் ஊர்க் கழுதைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வலைக்கு வெளியே வரிசையாக நின்று, கோயிலுக்குப் பிந்தி வந்தவர்கள் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பசளைக்கு மண்ணில் மீன் குடல் புதைத்தோம். அந்த உப்பு மண்ணிலும் கிழங்கு விழுந்தது. தோட்டத்துக்கு இருந்தது ஒரே சட்டம். மரத்தைப் பிடுங்குகிறவர் அதே குழியில் ஒரு தடியை நட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பிடுங்கினது யார் என்று யாரும் கேட்பதில்லை.

எண்ணெய் நின்று காஸும் நின்றபோது, கோயில் மண்டபத்தில் பொதுக் குசினி, ஊருக்கெல்லாம் ஒரே சமையல், தொடங்கியது. மத்தியானம் ஒரு நேரம். அதை நடத்தியவ ரெஜினா அக்கா. ஐம்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். புருசனின் வள்ளம் கரையில் கிடந்தது. அவவின் கிடாரம்தான் குசினியின் கிடாரம், அவ சொன்னதுதான் சட்டம். முதல் நாள் நான் வெங்காயம் வெட்டியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ வெங்காயத்தைத் திருத்திறியோ, கழட்டிறியோ? உனக்கு நெருப்பு மூட்ட மட்டும்தான் தெரியும். போய்த் தேத்தண்ணியைப் பார்" என்று என்னைப் பின்பக்கம் அனுப்பிவிட்டா. அப்படித்தான் நான் தேத்தண்ணீர்க்காரன் ஆனேன்.

அந்தக் குசினியில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோருக்கும் போட்டு முடிந்ததும் ரெஜினா அக்கா அகப்பையால் கிடாரத்து மூடியில் மூன்று தரம் அடிப்பா. பிறகு மண்டபம் அதிரக் கேட்பா: "ஆர் வரேல்ல?" சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சுற்றிப் பார்த்துப் பெயர் சொல்லவேண்டும். இன்ன வீட்டுக் கிழவி வரவில்லை, இன்னாருக்குக் காய்ச்சல், இன்னார் வெட்கத்தில் வரவில்லை. அந்தப் பெயர்களுக்குரிய பங்கு சட்டியில் போய்விடும். அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் எழும்ப முடியாது. வெட்கப்பட்டவர்களுக்கும் அது வசதி. வந்து கேட்கவேண்டியதில்லை, வராமல் இருந்தால் போதும்.

இனி இஞ்சிக்கு வருகிறேன்.

உங்கள் அம்மா உரப்பையில் மண் நிரப்பி இஞ்சி நட்டிருந்தாள். சோளகக் காற்று வீசும் காலம். மணல் பறந்து ஊரே இருமிக்கொண்டிருந்தது. அன்று காலை அந்தப் பையில் இருந்து கைப்பிடி அளவு இஞ்சி கிண்டினேன். வாங்கியது அல்ல, எங்கள் வீட்டில் விளைந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மரவள்ளி அவிக்கும் நாளில் குசினிப் பக்கம் இஞ்சியே வரக்கூடாது என்பது ரெஜினா அக்காவின் கட்டளை. மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் ஆள் தப்பாது என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று கஞ்சி நாள். உயிலங்குளத்தில் இருந்து ஒருவர் சைக்கிளில் அரிசி கொண்டுவரும் நாள்.

அவர் வரவில்லை. சைக்கிள் ரியூப் வெடித்து வழியில் நின்றாராம். பத்து மணி வரைக்கும் பார்த்துவிட்டுப் பெண்கள் தோட்டத்துக்குள் இறங்கி மரவள்ளியைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் சுவருக்குப் பின்னால், காற்றுக்கு மறைப்புக் கட்டிய என் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காற்றில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. தேயிலைச் சாயத்தை ஊற்றி, இஞ்சியைக் கல்லில் நசுக்கிப் போட்டு, பனங்கட்டியை உடைத்து வைத்தேன். என்ன மணம்! நானே இரண்டு தரம் மூடியைத் திறந்து மணந்தேன்.

பிள்ளைகள்தான் முதலில் பேணியோடு வந்தார்கள், பிறகு கிழடுகள். பாதிப்பேருக்கு ஊற்றியிருப்பேன். அப்போது வலை வேலிக்கு வெளியே கழுதைகள் ஒன்றையொன்று கடிக்கும் சத்தம் கேட்டது. ஏதோ கொட்டியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன்.

மரவள்ளித் தோல். வெளியே மண் நிறம், உள்ளே இளஞ்சிவப்பு. ஒரு குவியல்.

மண்டபத்துக்குள் பார்த்தேன். எல்லார் பீங்கானிலும் வெள்ளையாய், மாப்பூத்து வெடித்த கிழங்கு. பாதிப்பேர் கையில் என் தேத்தண்ணீர். அறுபது பேருக்கு மேல் இருப்பார்கள். யார் குடித்தார்கள், யார் இன்னும் குடிக்கவில்லை என்று கண் ஓடுகிறது, ஆனால் ஒரு முகமும் பிடிபடவில்லை. கத்தவேண்டும். என்ன சொல்லிக் கத்துவது? "நான் உங்களுக்கு நஞ்சு தந்துவிட்டேன்" என்றா?

கத்தவில்லை. பெரிய தேத்தண்ணீர்க் கேத்திலை இரண்டு கையாலும் தூக்கி, கால் தடுக்கினவன் மாதிரி மணலில் கவிழ்த்தேன்.

"ஐயோ, இருந்த தேயிலை எல்லாம் போச்சு!" என்று ஒருத்தி தலையில் கைவைத்தாள். அருளப்பு அண்ணை, உங்களுக்குத் தெரியும், கரைவலைக்காரர், வாய் சும்மா இருக்காது. "மிசினுக்கு ஒயில் மாத்தின பழக்கமடா. பழசை நிலத்தில ஊத்திப்போட்டுத்தான் மற்ற வேலை பாப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஈர மணலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு உள்ளே போய்விட்டா.

அப்போதுதான் என் சாரத்தை யாரோ இழுத்தார்கள். சின்னவள். "அப்பா, நான் ரெண்டு பேணி குடிச்சனான். இன்னும் இருக்கோ?"

அந்தப் பின்னேரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. சின்னவளை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். நஞ்சு குடித்தவரை நித்திரை கொள்ள விடக்கூடாது என்று எங்கோ கேட்டிருந்தேன். அவளுக்கோ வயிறு நிறைந்த களைப்பு, கண் சொருகுகிறது. நான் குதிரை ஆனேன், கழுதை ஆனேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு? பிள்ளையைப் படுக்க விடுங்கோவன்" என்றாள் உங்கள் அம்மா. சொல்ல வாய் வரவில்லை. அவளும் கிழங்கு தின்று தேத்தண்ணீர் குடித்தவள்தானே. சொன்னால் பயத்திலேயே விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்கும் பயந்தேன்.

சின்னவளை மூத்தவளிடம் விட்டு, நித்திரையாக விடாதே என்று சொல்லிவிட்டு ஒழுங்கையில் இறங்கினேன். வீடு வீடாய் வேலியால் எட்டிப் பார்த்தேன். "எல்லாரும் சுகமோ?" "சுகந்தான். ஏன், இண்டைக்கு எலெக்சனுக்கு நிக்கிறியோ?" அடுத்த வீட்டில், "என்ன தம்பி, கடன் கேக்க வந்தனீயோ?" சிரித்துக்கொண்டு கேட்டவர்களின் உதடு நீலமாகிறதா என்று பார்த்தேன். வெயிலில் எல்லோர் உதடும் நீலமாகத்தான் தெரிந்தது.

சந்தியில் யேசுதாசனின் ஓட்டோ நின்றது. பின் ஆசனத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடப் பெற்றோல் இருக்கோ?"

"ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

"சும்மா கேட்டா, சும்மா சொல்லுறன். இந்த ஓட்டோவில இப்ப ஓடக்கூடிய சாமான் அந்தக் கோழி மட்டுந்தான்."

இன்னொரு நாள் என்றால் நானும் சிரித்திருப்பேன். அறுபது பேர். ஒரு ஓட்டோவும் ஓடாது. ஊரில் எதற்குமே பெற்றோல் இல்லை. சாகிறவர் இருந்த இடத்திலேயே சாகவேண்டியதுதான் என்பது அந்தச் சந்தியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

கோயில் வாசல் படியில் ரெஜினா அக்கா செபமாலையோடு இருந்தா. அந்த நேரத்தில் அவ அங்கே இருப்பதில்லை. என்னைக் கண்டதும் மாலையை மடியில் வைத்தா.

"தேத்தண்ணிக்குள்ள இஞ்சி போட்டனீ, என்ன?"

நான் படியில் குந்திவிட்டேன். "அக்கா, கஞ்சி நாள் எண்டுதான்... சத்தியமாத் தெரியாது."

"தெரியும். தெரிஞ்சு செய்யிற அளவுக்கு உனக்குச் சமையல் தெரியாது." அவவின் குரல் வழக்கமான குரலாக இல்லை. "எனக்கு மணந்தது. மணக்கேக்க பாதிச்சனம் குடிச்சு முடிஞ்சுது. நான் வாய் திறந்திருந்தா அந்த மண்டபத்தில ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்திருப்பினம்."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"நீ கொட்டின பிறகு, குடிக்காமல் வைச்சிருந்தவையிட்ட ரெண்டு பேணி வாங்கி நானும் குடிச்சனான்." மாலையின் மணி ஒன்றை உருட்டினா. "கிழங்கு அவிச்சது நான். பிள்ளையளுக்கு நடக்கிறது எனக்கும் நடக்கட்டும் எண்டு நினைச்சன். இங்க வந்து இருக்கிறன். வயசுபோன உடம்பு, எனக்குத்தானே முதல் தெரியும். நான் சரிஞ்சா கோயில் மணியை அடி."

அந்தப் பெண்ணை அதற்கு முன்னரும் எனக்குத் தெரியும். அன்று தெரிந்தமாதிரித் தெரியாது. நான் அவவின் உதட்டைப் பார்த்தேன். அவ என் உதட்டைப் பார்த்தா.

மூத்தவள் ஓடிவந்தது அப்போதுதான். மகளே, உனக்கு அது நினைவிருக்கும். "அப்பா, தங்கச்சி சத்தி எடுக்கிறா!"

நாங்கள் போனபோது சின்னவள் வாந்தியெடுத்துக் களைத்து அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தாள். ரெஜினா அக்காதான் உங்கள் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னா. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் பயந்திருந்த அந்தப் பார்வைதான். ஆனால் ஏசவில்லை. "சைக்கிளை எடுங்கோ" என்றாள்.

துவாயைச் சுற்றிச் சைக்கிள் பாரில் சின்னவளை இருத்தினேன். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. நித்திரையாகக் கூடாதே என்று, "வழியில நிக்கிற கழுதையை எல்லாம் எண்ணு பாப்பம்" என்றேன். "ஒண்டு... ரெண்டு... குட்டியும் எண்ணுறதோ?" "ஓம், குட்டியும்." பதினொன்று வரை எண்ணினாள். பிறகு சத்தம் இல்லை. தலை என் கையில் சாய்ந்தது. நான் அந்த வெட்டவெளி வீதியில் சைக்கிளைப் போட்டுவிட்டு அவளை உலுக்கிக் கத்தினேன். அவள் கண்ணைத் திறந்து எரிச்சலோடு சொன்னாள்: "கழுதை முடிஞ்சுது அப்பா. இல்லாததை எப்பிடி எண்ணுறது?"

ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அறுபது பேர் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாய்க் கேட்டார். கிழங்கு கசந்ததோ? இல்லை. இன்று பிடுங்கியதோ? ஓம். நன்றாக அவிந்ததோ? மாப்பூத்தது. "மரவள்ளியிலதான் நஞ்சு இருக்கும் ஐயா. கசந்த கிழங்கு, சரியா அவியாத கிழங்கு, அதுக்குத்தான் பயப்பிடவேணும். இஞ்சி பாவம், அதை விடுங்கோ. எதுக்கும் பிள்ளையை வைச்சுப் பாப்பம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அப்போது சின்னவளின் சட்டையை உயர்த்தி வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த மிஸி, தாதி, திரும்பி என்னைக் கேட்டா:

"இண்டைக்கு முதல், இந்தப் பிள்ளை எப்ப கடைசியா வயிறு நிறையச் சாப்பிட்டது?"

சின்னவளின் விலா எலும்புகள் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. கழுதையை எண்ணியதுபோல எண்ணலாம். சின்னவள்தான் சொன்னாள். "ரெஜினா மாமி இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு எண்டு தந்தவ. நான் அஞ்சு துண்டு சாப்பிட்டனான்."

ஒட்டியிருந்த வயிற்றில் ஒரே தரத்தில் ஐந்து துண்டு. அதுதான் வெளியே வந்தது. வேறொன்றும் இல்லை.

அந்த மாதங்களில் இரவுச் சாப்பாட்டு நேரம் சின்னவள், "எனக்குப் பசிக்கேல்ல" என்பாள். மூத்தவளும் சொல்வாள். உங்கள் அம்மா சொல்வதைக் கேட்டு நீங்கள் பழகியிருப்பீர்கள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பின்னேரம் முழுவதும் ஊராரின் உதட்டைப் பார்த்துத் திரிந்தவன், என் வீட்டுப் பிள்ளையின் விலாவைப் பார்க்கவில்லை. இஞ்சிக்குப் பயந்தது ஒரு பயமா? உண்மையான பயம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது வந்தது. அது இன்னும் போகவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ரெஜினா அக்கா என்னை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி எல்லோருக்கும் சொல்ல வைத்தா. சொன்னேன். பிறகு அருளப்பு அண்ணை, "அதுதானே பாத்தன், இருமல் இல்லாமல் நித்திரை கொண்டனான். இண்டைக்கும் போட்டனீயோ?" என்றார். சிரிப்பு வெடித்தது. ஆனால் ரெஜினா அக்கா அகப்பையைத் தூக்கி மூடியில் மூன்று தரம் அடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆர் வரேல்ல?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பெயர் வந்தது. சூசை அப்பு. தனியாக இருப்பவர், நேற்றுத் தேத்தண்ணீர் குடித்தவர். ரெஜினா அக்காவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. பங்கை நான் பறித்துக்கொண்டு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். சத்தமில்லை. தோளால் இடித்தேன். உள்ளே மனுசன் சாவகாசமாகக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "ஏன்டா கதவை உடைக்கிறாய்? இண்டைக்கும் கிழங்கெண்டு சொன்னாங்கள். அலுத்துப்போச்சு. அதுதான் வரேல்ல."

அன்று தொடக்கம் குசினி நின்றுபோகும்வரை, வராதவர்களின் பங்கை நான்தான் கொண்டுபோனேன். ஒவ்வொரு கதவையும் பயத்தோடுதான் தட்டினேன்.

பிறகு மண்ணெண்ணெய் வந்தது. வள்ளங்கள் இறங்கின, என் கை பழையபடி மணந்தது, உங்கள் அம்மா பழையபடி ஏசினாள். குசினியை யாரும் மூடவில்லை. ஆள்தான் குறைந்தது. ஒரு நாள் ரெஜினா அக்கா மூடியில் அடித்து "ஆர் வரேல்ல?" என்று கேட்டபோது, பதில் சொல்ல நானும் சூசை அப்புவும்தான் இருந்தோம். அடுத்த நாள் அவ கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டா. இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறா. வேலி வலையில் நல்ல துண்டுகளை அவரவர் அறுத்துக்கொண்டு போனார்கள். மிச்சத்தைக் கழுதைகள் பார்த்துக்கொண்டன. தோட்டம் இருந்த இடத்தில் திருவிழாவுக்கு வரும் வான் வண்டிகள் நிற்கச் சீமெந்து போட்டிருக்கிறார்கள். குழியில் தடி நடுகிற சட்டம் சீமெந்துக்குக் கீழே போய்விட்டது.

நல்லதுதான். நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்து சாப்பிடுகிறோம். நானும் வேறென்ன கேட்டேன்? ஆனால் சனிக்கிழமை நீங்கள் சிரித்து முடிந்த பிறகு, பீங்கானில் கடைசித் துண்டு கிழங்கு இருந்தது. எடு என்றேன். சின்னவள் போனைப் பார்த்தபடி, "எனக்குப் பசிக்கேல்ல" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே பசிக்கவில்லை. எனக்குத் தெரியும். என்றாலும் நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே நின்று பக்கத்து வீடுகளைப் பார்த்தேன். விறகு எரித்த நாளில் எந்தக் கூரைக்கு மேல் புகை இல்லை என்று வேலிக்கு வெளியே நிற்பவனுக்கும் தெரியும். காஸ் அடுப்புக்குப் புகை இல்லை. மதில்களும் உயர்ந்துவிட்டன. மத்தியானம் கடந்திருந்தது. எந்த மூடியிலும் யாரும் அடிக்கவில்லை. எந்தக் குசினியில் அடுப்பு எரியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகளே. பார்த்துக்கொண்டே நின்றேன்.